விலை தெரியாமல் குடித்த ஒயின்

சாப்ட்டியா தாயி?

நீ பெங்களூருக்குத் திரும்பிப் போனதுல இருந்து போன்ல நாம ரெண்டு பேரும் பேசிக்கிறது இந்த ஒரு கேள்விதான். நான் கேக்குறேன், நீ "ம்"ங்குற. நீ கேக்குற, நான் "ஆச்சு"ங்குறேன். ஒடனே "அப்பாகிட்டக் குடு"ன்னு சொல்லிர்ற. உங்கப்பா என்னடான்னா போன வாங்கிக்கிட்டு மொட்டமாடிக்குப் போயிர்றாரு, என்னமோ புதுசா கல்யாணம் நிச்சயமானவரு அவருதான் மாதிரி. நிச்சயத்தன்னைக்கு நீ என் மூஞ்சிக்கு நேரா ஒரு கேள்வி கேட்ட. அதுக்கு நான் இன்னும் பதில் சொல்லல. போன்ல சொல்லலாம்னு பாத்தா, நான் ரெண்டாவது வார்த்தையிலயே கத்த ஆரம்பிச்சிருவேன், நீ பொசுக்குன்னு வச்சிருவ. நம்ம ரெண்டு பேரு கோவமும் இந்த விளாங்குடி ஊருக்கே தெரிஞ்ச சங்கதி. அதான் கடைக்கு லீவு சொல்லிட்டு உக்காந்து எழுதுறேன். எழுத்து கோணலா இருக்கும். இத்தன வருசமா ஜவுளிக்கடையில சேலைய மடிச்ச கை இது, பேனா புடிச்ச கை இல்ல. முழுசாப் படி. பாதியில கோவம் வந்தா தண்ணி குடிச்சிட்டு வந்து மிச்சத்தப் படி.

கல்யாணப் பத்திரிகை புரூஃப் வந்திருந்துச்சு. மாப்ள பேருக்குக் கீழ அவரு படிப்பு, வேலை, கம்பெனி, ஊருன்னு எல்லாம் ஜம்முனு வரிசையா நிக்குது. உன் பேருக்குப் பக்கத்துல எம்.ஏ.ன்னு இருக்கு. அதுக்குக் கீழ வெறும் எடம். பிரஸ்காரத் தம்பி, "அக்கா, பொண்ணு வேலையையும் போட்டுருவோமா? இப்பல்லாம் எல்லாரும் போடுறாங்கக்கா, போடலேன்னா பொண்ணு சும்மா வீட்டுல இருக்குன்னு நெனைப்பாங்க"ன்னு கேட்டான். நாளைக்குச் சொல்றேன்னுட்டு எந்திரிச்சு வந்துட்டேன். அப்புறம் அவன் போன் பண்ணும்போதெல்லாம் எடுக்கவே இல்ல. கல்யாணம் தையிலதான, இன்னும் எம்புட்டு நாள் கெடக்குன்னு நெனைச்சுக்கிட்டே தள்ளிட்டு வந்தேன். நேத்துதான் அவன்கிட்டப் பதில் சொன்னேன். என்ன சொன்னேன்னு கடைசியில எழுதுறேன். நீ கடைசிப் பக்கத்த மொதல்ல பொரட்டுற ஆளு, உன்ன எனக்குத் தெரியாதா, திருப்பி இங்க வா.

அன்னைக்கு நடந்தது உனக்கு ஞாவகம் இல்லாம இருக்காது. ஆனாலும் என் பக்கத்துல இருந்து ஒருதடவ சொல்லிக்கிறேன். சம்பந்தியம்மா காப்பி டம்ளரக் கையில வச்சுக்கிட்டு, நல்ல மனசாத்தான் கேட்டாங்க. "பொண்ணு பெங்களூர்ல என்ன வேலை பாக்குது?" நான் வாயத் தொறந்தேன். வந்தது உன் சம்பளம். "மாசம் இம்புட்டு வாங்குறா"ன்னு சொல்லிட்டேன். அப்புறம் மாப்ளையோட சித்தப்பா, "அடேயப்பா, நம்ம பையனவிட ஜாஸ்தி போலயே"ன்னு சிரிச்சாரு. எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் ஒருத்தராவது என்ன வேலைன்னு திரும்பக் கேட்டாங்களா? கேக்கல. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. நீ அடுப்படி நெலையில சாஞ்சு நின்னுக்கிட்டிருந்த. நான் உன் பக்கம் திரும்பவே இல்ல.

அவங்க கெளம்புனதும் நீ நிச்சயச் சேலைய மடிச்சுக்கிட்டே கேட்ட. கத்தல, அதான் எனக்குப் பொறுக்கல. "வேலை கேட்டாங்கம்மா, நீ சம்பளம் சொன்ன. கடையில சேலைக்கு வெலை டேக்கு கட்டுற மாதிரி எனக்கும் கட்டிட்டேல்ல? நான் ஒயின் கம்பெனியில இருக்கேன்னு சொல்ல உனக்கு அம்புட்டுக் கூச்சமா?" நான், "பந்திப் பாத்திரம் கெடக்கு, போயி வெளக்கணும்"னு எந்திரிச்சுப் போயிட்டேன். நீ உங்கப்பாவுக்குன்னு வாங்கிட்டு வந்த பாட்டில ஃபிரிஜ்ஜு மேலயே விட்டுட்டு ராத்திரி பஸ் ஏறிட்ட.

கூச்சந்தான் தாயி. இல்லேன்னு சொன்னா அது பச்சப் பொய்யி. ஆனா கூச்சம் மட்டுமே இல்ல. அதச் சொல்லத்தான் இம்புட்டு பேப்பரு.

டேக்கு கட்டுறதுன்னு நீ சொன்னது என்னச் சுள்ளுன்னு சுட்டுச்சு. ஏன்னா அது என் பொழப்பு. முகூர்த்தப் பட்டு எடுக்க ஒரு குடும்பம் வந்தா, என்ன ரேட்ல பாக்குறீங்கன்னு கேப்போம். அவங்க ஒரு ரேட்டு சொல்லுவாங்க. அத நாங்க மொதல்ல எடுக்க மாட்டோம். அதுக்கு ரெம்ப மேல இருக்கிறத எடுத்து, முந்திய விரிச்சு, வெளிச்சத்துல காட்டுவோம். அய்யோ அம்புட்டு வேணாம்னு பதறுவாங்க. அப்புறம் நடுவுல ஒண்ண எடுத்துப் போடுவோம். அது அவங்க சொன்னதவிடக் கூடத்தான் இருக்கும், ஆனா மொதல்ல பாத்ததுக்கு இது பரவால்லன்னு சந்தோசமா எடுத்துட்டுப் போவாங்க. ஒரு மெரூன் பட்டு ஞாவகம் இருக்கா, நான் வீட்டுல வந்து பொலம்புவேனே? யாரு வந்தாலும் தொட்டுப் பாத்துட்டுத் தள்ளி வச்சிருவாங்க. சூப்பர்வைசரு அதோட ரேட்ட ஏத்தி, டேக்க மாத்தி, கண்ணாடி பீரோவுக்குள்ள தனியா மாட்டச் சொன்னாரு. அடுத்த முகூர்த்தத்துக்குள்ள போயிருச்சு. கார்ல வந்த ஒரு அம்மா, "இதுதான் கடையிலயே நல்ல சேலை, பாத்தாலே தெரியுது"ன்னு சொல்லி வாங்கிட்டுப் போனாங்க. சேலை அதே சேலைதான்.

நீ வேலைக்குச் சேந்த புதுசுல லீவுக்கு வந்து, கட்டில்ல காலத் தொங்கப் போட்டுக்கிட்டு உன் ஆபீஸ் கதை சொல்லுவ. ஒரு ஒயினு விக்கவே இல்லையாம், வெலையக் கொறச்சாங்களாம், இன்னும் விக்கலையாம். நீங்க வெலைய ஏத்தி, லேபிள மாத்தி, மேல் தட்டுல வச்சதும் போக ஆரம்பிச்சுதாம். "ஏன்டி, இது ஏமாத்து இல்லையா?"ன்னு கேட்டேன். "கொஞ்சம் ஏமாத்துதாம்மா. ஆனா குடிக்கிறவங்களுக்கு வெலை தெரிஞ்சா நெசமாவே ருசி கூடுது, அதத்தான் என்ன சொல்றதுன்னு தெரியல"ன்ன. அப்புறம் இன்னொண்ணு சொன்ன. ஓட்டல்ல மெனுவப் பாக்குறவங்க ஆகக் கொறஞ்ச வெலை ஒயின வாங்க மாட்டாங்களாம், அதுக்கு அடுத்ததத்தான் வாங்குவாங்களாம். ஏன்னு கேட்டேன். "கூட வந்திருக்கிறவங்க முன்னால கஞ்சன்னு தெரியக் கூடாதுல்ல"ன்ன. எனக்கு அப்பத்தான் பொறி தட்டுச்சு. எங்க கடையில நாத்தனாருக்குச் சீர்ச் சேலை எடுக்க வர்ற பொம்பளைங்க எல்லாரும் அடியில இருந்து ரெண்டாவது அடுக்குக்குத்தான் கைய நீட்டுவாங்க. தெனம் பாத்திருக்கேன், ஏன்னு யோசிச்சதே இல்ல. நீ எனக்கு என் கடைய மறுபடியும் காட்டுன. அன்னைக்கு உன் வேலைய நெனைச்சு எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு, நம்பு.

ஆனா உன் வேலை அந்த ஓட்டல் மேசையில ஆரம்பிச்சதுன்னு நீ நெனைச்சுக்கிட்டிருந்தா, அது தப்பு. நான் பாத்தேன், எங்க ஆரம்பிச்சதுன்னு. உங்கப்பா லோடு ஆட்டோவுல இருந்து விழுந்து கால ஒடிச்சுக்கிட்டுக் கெடந்தாருல்ல, நீ பள்ளிக்கூடம் போய்க்கிட்டிருந்த. சனிக்கெழமையானா அவருக்கு ஒரு குவார்ட்டரு வேணும். மத்த நாள் தொடமாட்டாரு, சனிக்கெழமை மட்டும் விடமாட்டாரு. வலி, வலின்னு மொனங்குனாரு. பக்கத்து வீட்டு ஆளுககிட்டச் சொல்லி வாங்கிட்டு வரச் சொன்னா ஊரே பேசும். சரி நானே போறேன்னு, உன்ன டியூசன்ல இருந்து கூட்டிக்கிட்டு வர்ற வழியிலயே போயிட்டேன். ஒயின்ஷாப்புன்னு பேரு, அங்க ஒயின் வாங்கி ஒருத்தரையும் நான் பாக்கல. உன்ன எதுத்தாப்புல இருந்த செருப்புக் கடை வாசல்ல நிக்க வச்சிட்டு, முந்தானையத் தலையில போட்டுக்கிட்டு வரிசையில போயி நின்னேன். ஆம்பளைங்க எல்லாம் என்னமோ பேயப் பாத்த மாதிரி ரெண்டா வெலகி வழி விட்டாங்க. "அக்கா, மொதல்ல நீங்க வாங்கிட்டுப் போங்கக்கா"ன்னு ஒருத்தரு. கோயில்ல கூட எனக்கு அம்புட்டு மருவாதி கெடச்சதில்ல.

வீட்டுக்கு நடந்து வரும்போது நீ கேட்ட. "ஏம்மா, கடையில எல்லாரும் பொருளக் கேட்டுட்டுத்தான காச எடுப்பாங்க? அங்க எல்லாரும் கம்பிக்குள்ள காச நீட்டிட்டு, அப்புறம், இதுக்கு என்ன இருக்குன்னு கேக்குறாங்க?" நான், "வாய மூடிக்கிட்டு நட"ன்னு உன் கையப் புடிச்சு இழுத்தேன். எனக்கு பதில் தெரியல, அதான் வாய மூடச் சொன்னேன். நீ காலேஜ்ல எகனாமிக்ஸ் எடுத்தப்ப எல்லாரும் ஏன் ஏன்னு கேட்டாங்க. எனக்குத் தெரியும், நீ அந்தக் கம்பிக்கு முன்னாலயே அத எடுத்துட்ட. ருசி, பேரு, ஊரு எல்லாம் கையில மிச்சம் இருக்கிறவனுக்கு. கூலிக்காரன் கையில இருக்கிற காசுதான் அவனுக்கு எதக் குடிக்கணும்னு சொல்லுது.

அந்தக் கம்பிக்குள்ள நீண்ட கையில ஒண்ணு உன் மாமா கை. இத எழுதாம விட்டா இந்தக் கடுதாசிக்கே அர்த்தமில்ல. மேலூர்ல கல்லு குவாரியில ஒடம்ப ஒடச்சவன் எங்கண்ணன். உன்னத் தோள்ல தூக்கிக்கிட்டு அழகர்கோவில் மலையில நூபுரகங்கை வரைக்கும் ஏறுனவன், ஒரு எடத்துலயும் எறக்கி விடல. ஆகக் கொறஞ்ச ரேட்டு எதுவோ அதத்தான் வாங்குவான். அதக் குடிச்சுத்தான் போனான். உன் கல்யாணத்துல மாலை எடுத்துக்கிட்டு முன்னால நிக்க வேண்டிய தாய்மாமன் அவன். அவன் செத்தப்ப எழவுக்கு வந்தவங்க எல்லாம் குடிகாரப்பயன்னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டாங்க. அவன் நல்லாப் பாடுவான், அவனுக்குப் புள்ளைங்கன்னா உசுரு, அதெல்லாம் ஒருத்தர் வாயிலயும் வரல. அன்னைக்கு அந்தச் சனியன் புடிச்ச தண்ணி மேல எனக்கு வந்த வெறுப்பு இன்னும் எறங்கல.

அதனாலதான் உனக்கு இந்த வேலை கெடச்சதுன்னு சொன்னப்ப நான் கேட்டேன், "உன் மாமாவக் கொன்னதத்தான் விக்கப் போறியா?"ன்னு. வேற புள்ளையா இருந்தா, இது வேறம்மா, இது பழம்மா, இது டீசன்ட்டும்மான்னு மழுப்பியிருக்கும். நீ அடுப்படித் தரையில என் பக்கத்துல உக்காந்து சொன்ன. "அதேதாம்மா. பாட்டில் வேற, ஆளு வேற, உள்ள இருக்கிறது அதேதான். வேற மாதிரி சொல்லி உன்ன ஏமாத்த மாட்டேன். ஆனா இந்த வேலை எனக்குப் புடிச்சிருக்கு, நல்லாவும் வருது." எனக்கு அழுகையும் வந்துச்சு, கோவமும் வந்துச்சு. ரெண்டுக்கும் அடியில, எம்புள்ள எங்கிட்டப் பொய் சொல்லலங்கிற நிம்மதியும் இருந்துச்சு. அத நான் அப்ப வெளிய காட்டிக்கல. மொளகாய வறுக்கிற மாதிரி தும்மிக்கிட்டே எந்திரிச்சுப் போயிட்டேன்.

இப்பப் பாரு, நிச்சயத்தன்னைக்கு இன்னொண்ணு நடந்துச்சு, உனக்குத் தெரியாது. நீ உள்ள தலை பின்னிக்கிட்டிருந்த. மாப்ளையோட சித்தப்பா தண்ணி குடிக்க வந்தவரு ஃபிரிஜ்ஜு மேல அந்தப் பாட்டிலப் பாத்துட்டாரு. "ஃபாரினா? எம்புட்டு இருக்கும்?"னு கேட்டாரு. எனக்கு எங்க தெரியும்? நீதான் வெலை ஸ்டிக்கர நகத்தாலயே சொரண்டி எடுத்துட்டியே. வாயில வந்த ஒரு பெரிய தொகையச் சொல்லி வச்சேன். மனுசன் மூஞ்சியப் பாக்கணுமே! பாட்டில ரெண்டு கையாலயும் புடிச்சுப் பாத்துட்டு, "இதெல்லாம் ஹார்ட்டுக்கு ரெம்ப நல்லதும்மா, டாக்டரே சொல்றாரு"ன்னுட்டு, கொழந்தைய எறக்கி விடுற மாதிரி திரும்ப வச்சாரு. அதே எடத்துல உங்கப்பாவோட குவார்ட்டரு இருந்திருந்தா, தட்டத் தூக்கிட்டு அப்பவே வெளிய போயிருப்பாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு தாயி. எங்கண்ணன் குடிச்சா குடிகாரன், இவரு குடிச்சா ஹார்ட்டு. இத நெனைச்சு நெனைச்சுக் கொதிச்சேன். ஆனா கொஞ்ச நேரத்துலயே உன் சம்பளத்தச் சொல்லி நானும் அதே வேலையத்தான் பாத்தேன். வெலையச் சொல்லி வாய அடச்சேன்.

இது எனக்கு எப்பப் புரிஞ்சுதுன்னா, போன ஞாயித்துக்கெழமை. மத்தியானம் கறி தின்னுட்டு உக்காந்திருந்தோம். உங்கப்பா அந்தப் பாட்டிலயே பாத்துக்கிட்டு இருந்தாரு. நல்ல நாள் பாத்துத் தொறக்கணும்னு வச்சிருந்தாராம். "கல்யாணமே நிக்குமோ என்னமோன்னு நான் வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டுக் கெடக்கேன், உங்களுக்கு நல்ல நாளு கேக்குதா? தொறங்க"ன்னேன். தொறக்க என்னத்த இருக்கு நம்ம வீட்டுல? கார்க்குல கத்திய விட்டாரு, பொடிப் பொடியா உதிந்துச்சு. கடைசியில மத்துக் காம்ப வச்சு ஒரே தள்ளு. கார்க்கு உள்ள போயிருச்சு, ஒயினு பீச்சி அடிச்சு அவரு வெள்ள பனியனு பூராம் கோலம் போட்டுருச்சு. எம்புட்டுச் சிரிச்சேன்னு கேளு. அப்புறம் காப்பி வடிகட்டியில வடிகட்டி ரெண்டு எவர்சில்வர் டம்ளர்ல ஊத்துனாரு. ஒண்ண எங்கிட்ட நீட்டுனாரு. நான் ஒருநாளும் தொடாதவ. ஆனாலும் வாங்குனேன். எம்புள்ள விக்கிறது என்னன்னு தெரியாமயே நான் கூசிக்கிட்டு இருக்கேனேன்னு தோணுச்சு.

மொத வாயி, கடுக்காயக் கடிச்ச மாதிரி நாக்க இழுத்துப் புடிச்சுச்சு. ச்சீன்னு வச்சிட்டேன். அப்புறம் கொஞ்ச நேரங்கழிச்சு, தொண்டையில நாவப்பழம் தின்ன மாதிரி ஒரு வாசம் நின்னுச்சு. திரும்ப ஒரு வாயி குடிச்சேன். உங்கப்பா, "ஒண்ணும் ஏறலயே, சர்வத்து மாதிரில்ல இருக்கு"ன்னாரு. கொஞ்ச நேரத்துல, "இல்ல, இது பெரிய வெலையாத்தான் இருக்கும், சும்மா சொல்லக் கூடாது"ன்னாரு. "நல்லா இருக்கா இல்லையா, அதச் சொல்லுங்க"ன்னேன். "எம்புட்டுன்னு தெரிஞ்சா சொல்லிருவேன்"னாரு. நான் சிரிக்கப் போனேன், சிரிப்பு வரல. ஏன்னா எனக்கும் அப்படித்தான். நாக்குல இருக்கு, தொண்டையில இருக்கு, ஆனா புடிச்சிருக்கா புடிக்கலையான்னு சொல்லத் தெரியல. வெலை தெரிஞ்சா ஒடனே சொல்லிருவேன். நீ பாட்டிலக் குடுக்கும்போது, "குடிச்சிட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க, அப்புறமா வெலை சொல்றேன்"ன்னு சொன்ன. அப்ப அது வெளையாட்டுன்னு நெனைச்சேன்.

டம்ளரக் கையில வச்சுக்கிட்டு அழுதுட்டேன் தாயி. உங்கப்பா பயந்து போயி, "ஏறிருச்சா?"ன்னு கேக்குறாரு, மடப்பய மனுசன். ஏறல. சம்பந்தியம்மாவுக்கு உன்னப் பாத்து, நீ பேசுறதக் கேட்டு, உன் வேலையத் தெரிஞ்சு, புடிச்சிருக்கா புடிக்கலையான்னு சொல்ல ஒரு வாய்ப்புக் குடுக்காம, நான் மொதல்லயே டேக்கத் தூக்கிக் காட்டிட்டேன். உன்னக் கண்ணாடி பீரோவுல மாட்டிட்டேன். நல்லதுன்னு நெனைச்சுத்தான் செஞ்சேன், ஆனா அது உனக்குப் பண்ணுன அவமானம். நீ கேட்டது சரி.

மறுநா கடையில அரை நாள் சொல்லிட்டு, ஒரு சீப்பு வாழப்பழமும் மல்லிகப்பூவும் வாங்கிக்கிட்டு அழகர்கோவில் ரோட்டு பஸ்ஸுல ஏறி சம்பந்தி வீட்டுக்குப் போனேன். உங்கப்பாகிட்டக் கூடச் சொல்லல, சொன்னா தடுப்பாரு. சம்பந்தியம்மா தனியா இருந்தாங்க, டி.வி.ய அணைச்சிட்டு உக்காரச் சொன்னாங்க. காப்பி வேணாம்னேன். "அன்னைக்குப் பொண்ணு என்ன வேலைன்னு கேட்டீங்க, நான் வேற எதையோ சொல்லிட்டேன். அவ ஒயின் விக்கிற கம்பெனியில இருக்கா. எந்த ஒயினுக்கு என்ன வெலை வைக்கணும், எந்தத் தட்டுல அடுக்கணும்னு பாக்குறது அவ வேலை"ன்னேன். ஒரே மூச்சுல சொல்லிட்டேன். "ஒயின்னா, பிராந்தி மாதிரியா?"ன்னாங்க. ஹார்ட்டுன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. ஃபாரின்னும் வந்துச்சு. சம்பளம் மறுபடியும் வந்துச்சு. எல்லாத்தையும் முழுங்கிட்டு, "ஆமா, அது மாதிரிதான். திராட்சையில செய்றாங்க. குடிச்சா போதை வரும்"னேன்.

"எங்க பையனுக்குத் தெரியுமா?"ன்னு கேட்டாங்க. "அவ மொத மொதப் பேசுனப்பவே அவர்ட்டச் சொல்லிட்டா"ன்னேன். அதக் கேட்டதும் அந்தம்மா மூஞ்சி கொஞ்சம் மாறுச்சு, மகன் மேல கோவம் போல. நீ மாப்ளகிட்டச் சொல்லி வையி, அம்மாகிட்ட அவரே பேசட்டும், இனிமேலும் ஒளிஞ்சுக்கிட்டு இருக்க வேணாம்னு. அப்புறம் சம்பந்தியம்மா ஒண்ணு சொன்னாங்க பாரு, அத நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். "அன்னைக்கு நீங்க சம்பளத்தச் சொன்னப்பவே எனக்குத் திக்குன்னுச்சு. கடையில சேலை எப்படி இருக்குன்னு கேட்டா, வெலையச் சொல்றவங்க இருக்காங்கள்ல? அப்ப நான் உள்ள எங்கயோ இழை விட்டிருக்குன்னு நெனைச்சுக்குவேன். பொண்ணுகிட்டயும் ஏதோ கொறை இருக்குன்னுதான் இத்தன நாளா நெனைச்சுக்கிட்டு இருந்தேன்." என்னத்தச் சொல்ல! இருக்கிற கொறைய மூடுறேன்னு, இல்லாத கொறைய உன் தலையில கட்டி வச்சிருக்கேன். "அவகிட்ட ஒரு இழை கூட விடலங்க. நான் வித்த வெதந்தான் தப்பு"ன்னேன். அந்தம்மா தண்ணி எடுத்துட்டு வந்து குடுத்தாங்க. "எனக்குக் குடின்னா ஆகாதுங்க, எங்க வீட்டுக்காரருக்கும் ஆகாது. வீட்டுல பேசிட்டுச் சொல்றேன்"ன்னு மட்டும் சொன்னாங்க. பூவ வாங்கிக்கிட்டாங்க. தலையில வச்சாங்களான்னு நான் நின்னு பாக்கல.

இன்னைக்கு வரைக்கும் போன் வரல. போன் மணி அடிச்சா அடுப்ப அப்படியே விட்டுட்டு ஓடுறேன். நின்னு போனா என்ன செய்யிறதுன்னு உங்கப்பா மொகத்துல எழுதி ஒட்டியிருக்கு, வாயத் தொறந்து கேக்க மாட்டேங்குறாரு. எனக்கு உன் கல்யாணம் நடக்கணும். மாப்ளத் தம்பிய எனக்கு ரெம்பப் புடிச்சிருக்கு. நீ அவர்கிட்டப் போன் பேசும்போது சிரிக்கிற சிரிப்பு, அடுப்படி வரைக்கும் கேக்கும், அத நான் இன்னும் கேக்கணும். ஆனா உன்ன மறச்சு வச்சுக் கட்டிக் குடுத்தா அந்தச் சிரிப்பு எத்தன நாளைக்கு? ஆத்தா வீட்டுல மறச்சத மாமியா வீட்டுல ஆயுசு பூராம் மறைக்கணும். அது உன்னால முடியாது. நீ அடுப்படித் தரையில உக்காந்து, "அதேதாம்மா"ன்னு சொன்ன புள்ள.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன இருக்கு? ரெண்டு சங்கதி மட்டும் கேட்டுக்க. கல்யாணம் நடந்துச்சுன்னா, புருசன் உனக்கு என்ன வாங்கிட்டு வந்தாலும் எம்புட்டுன்னு மொதல்ல கேக்காத. உங்கப்பா கல்யாணமான புதுசுல ஒரு சேலை வாங்கிட்டு வந்தாரு. நான் மொதல்ல டேக்கத்தான் திருப்பிப் பாத்தேன், தொழில் புத்தி. அதுக்கப்புறம் அவரு எனக்குச் சேலை எடுக்கிறதையே விட்டுட்டாரு, காசாக் குடுத்துர்றாரு. இன்னொண்ணு, நீ ஆபீஸ்ல உக்காந்து எந்தப் பாட்டிலுக்கு என்ன வெலை வைக்கலாம்னு யோசிக்கும்போது, எல்லாம் மேல் தட்டாவே தெரியும். அப்ப அப்ப அந்தக் கம்பிக்குள்ள நீண்ட கையையும் நெனைச்சுக்க. வேலைய விடச் சொல்லல. எங்கண்ணன மறந்துராதன்னு சொல்றேன், அம்புட்டுத்தான். உன் மேல எனக்கு வெறுப்பு ஒருநாளும் இருந்ததில்ல தாயி. அந்தத் தண்ணி மேல இருக்கிறது போகாது, உன் மேல இருக்கிற பாசமும் போகாது, ரெண்டும் ஒரே வீட்டுல இருந்துட்டுப் போகட்டும்.

இப்பப் பத்திரிகைக்கு வாரேன். உங்கப்பா, அவங்க வீட்டுல இருந்து பதில் வரட்டும், அப்புறம் பிரஸ்ஸுல சொல்லலாம்னாரு. சரின்னுதான் நானும் மொதல்ல நெனைச்சேன். நேத்து கடையில ஒரு பொண்ணுக்குச் சேலை விரிச்சுக்கிட்டு இருந்தப்ப யோசிச்சேன். அவங்க என்ன சொல்றாங்கன்னு பாத்துட்டு நான் எம்புள்ளைக்கு என்ன எழுதுறதுன்னு முடிவு பண்ணுனா, அதுவும் வெலையக் கேட்டுட்டு ருசி சொல்ற கதைதான. சாப்பாட்டு நேரத்துல பிரஸ்ஸுக்கு நடந்தேன். "எழுதுப்பா, ஒயின் விற்பனை நிறுவனம், பெங்களூரு"ன்னேன். அந்தத் தம்பி பேனாவ வச்சிட்டு என்னைய நிமிந்து பாத்தான். "அக்கா, நெசமாவா? பொண்ணு கல்யாணப் பத்திரிகையில போய் ஒயினா"ன்னான். "ஆமாடா, மாப்ளைக்குப் போட்டிருக்கிற அதே சைஸ் எழுத்துல போடு, பொடிசாப் போட்டு ஏமாத்தாத"ன்னேன். புது புரூஃப் இந்தக் கவர்லயே வச்சிருக்கேன். அடிக்க இன்னும் சொல்லல, அது அவங்க பதிலுக்கு அப்புறம். அடிச்சாலும் அடிக்காட்டியும், உன் பேருக்குக் கீழ அந்த எடம் இனிமே காலியா இருக்காது.

அந்தப் பாட்டில்ல இன்னும் கொஞ்சம் கெடக்கு. கார்க்கு உள்ள மெதக்குது, வாயில ஒரு கிண்ணியக் கவுத்து ஃபிரிஜ்ஜுக்குள்ள வச்சிருக்கேன். சீக்கிரம் புளிச்சுப் போயிரும்னு உங்கப்பா சொல்றாரு, சொல்லிக்கிட்டே அப்பப்பக் கதவத் தொறந்து பாக்குறாரு. நீ சனிக்கெழமை பஸ் ஏறி வா, மூணு பேருமா உக்காந்து முடிச்சிருவோம். எப்படி இருக்குன்னு சொல்லச் சொன்னேல்ல. மொத வாயி புடிக்கல. அப்புறம் புடிச்சிருந்துச்சு. எம்புட்டுன்னு நான் கேக்கல தாயி, நீயும் சொல்லாத.